பச்சைப் புள்ளி இல்லாத உன் பெயர்

காலையில் போனைத் திறந்தேன். உன் பெயர் இருந்தது; பக்கத்தில் பச்சைப் புள்ளி இல்லை. ஏன் என்று உனக்குச் சொல்ல வேண்டும்.

வழக்கம்போல என் பக்கத்துப் பெருமையை முதலில் சொல்லிவிடுகிறேன். மூத்தவனுடைய மகன் போலிடெக்னிக் முடித்து ஜொகூரில் வேலைக்குப் போய்விட்டான். மகளுடைய பெண் தாதிப் பயிற்சியில் சேர்ந்துவிட்டாள். இளையவனுடைய மகள் கவினாவை ரோபோட் போட்டிக்குப் பள்ளியில் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். நீ இருந்திருந்தால், "ஒன் புராணம் ஆரம்பிச்சிருச்சா?" என்று கேட்டுவிட்டு, உன் பேரனைப் பற்றி அதைவிட நீளமாகச் சொல்லியிருப்பாய்.

ரெம்பியா தோட்டப் பள்ளியில் ஐந்தாம் வகுப்போடு நின்றவர்கள் நாம். நீ தெங்கேராவில் துணிக்கடைக்காரருக்கு வாழ்க்கைப்பட்டாய். நான் கல்யாணமாகிப் பாச்சாங்குக்கு வந்தேன். வயதான பிறகு, கல்லாவுக்குப் பக்கத்தில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, கடையில் ஆள் இல்லாத நேரமெல்லாம் என்னோடு வீடியோவில் பேசுவாய். யாராவது வந்தால், "இரு புள்ள, சேல கேக்குறாங்க" என்று எழுந்து போவாய். நான் உன் கடைச் சுவரைப் பார்த்தபடி காத்திருப்பேன்.

நீ காலமான பின் உன் மகள் அந்த லேப்டாப்பை என்னிடம் கொண்டுவந்தாள். "உம்மா உங்களோடதானே இதுல பேசுவாங்க, மாமி. நீங்களே வச்சுக்குங்க." வீட்டு வைஃபையில் திறந்ததும், நீ என்னோடு பேசும் உன் பக்கம் பாஸ்வேர்ட் கேட்காமல் தானாகவே வந்தது. என் போனில் உன் பெயருக்குப் பக்கத்தில், நீ இணையத்தில் இருப்பதாகக் காட்டும் பச்சைப் புள்ளி எரிந்தது. அன்றிலிருந்து லேப்டாப்பைத் திறந்து வைத்துவிட்டுத்தான் தேத்தண்ணி கலக்குவேன். நீ இல்லை என்று தெரியும். ஆனாலும் கடையைத் திறந்து உட்கார்ந்திருக்கிறாய் என்று நினைத்துக்கொள்ள அந்தப் புள்ளி போதுமாக இருந்தது. உன் பாஸ்வேர்ட் யாருக்கும் தெரியாது. வேறு எதிலும் உன் பக்கத்தைத் திறக்க வழியில்லை.

வீட்டில் கவினாவுக்கு இதைத் தவிர வேறு கணினி கிடையாது. ரோபோட்டுக்குக் கட்டளை எழுதும் மென்பொருளை இதில் ஏற்றிப் பார்த்தாள். இந்தப் பழைய விண்டோஸுக்கு இனி ஆதரவு இல்லை என்று சொல்லி ஏற மறுத்தது. புது விண்டோஸை இந்த லேப்டாப் தாங்காது என்றார் கணினிக் கடைக்காரர். அதே மென்பொருளின் பழைய பதிப்பைப் பள்ளியில் ஒரு பெரிய பெண்ணிடம் பென்டிரைவில் வாங்கி வந்தாள். அது ஓடியது. ஆனால் வைஃபை கிடைத்ததும், தானே புதுப் பதிப்பைத் தேடிப் போய் நின்றுவிட்டது.

"இதுல வைஃபைய நிப்பாட்டணும் பாட்டி. இனிமே போடவே கூடாது. இவ்ளோ பழைய மெஷின்ல வைரஸ் வேற ஈசியா பூந்துரும் லா."

"வேணாம்."

"ஏன்? நீங்கதான் இதுல ஒண்ணுமே பாக்குறதில்லையே!"

போனில் உன் பெயரையும் பக்கத்திலிருந்த பச்சைப் புள்ளியையும் காட்டினேன். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"பரவால்ல பாட்டி. டீச்சர்கிட்ட வேற ஆள எடுக்கச் சொல்லிடறேன்" என்று வயரைச் சுருட்ட ஆரம்பித்தாள்.

உன் பேரன் பினாங்குக்குப் படிக்கப் போனபோது நீ அழவில்லை. அழுதவள் நான்தான். "புள்ளைங்க போற வழியில நாம நிக்கக்கூடாது. ஓரமா நின்னு பெருமையடிச்சுக்குவோம், அதுதான் நம்ம வேல" என்று என்னையே அதட்டினாய். அந்த அதட்டல் இன்னும் என் காதில்தான் இருக்கிறது. கவினாவின் கையிலிருந்து வயரைப் பிடுங்கினேன். எந்தப் பொத்தான் என்று கேட்டு நானே அமுக்கினேன். புள்ளி அணைந்தது.

நேற்று அந்த ரோபோட் தரையில் வரைந்த கறுப்புக் கோட்டின்மேல் தத்தித் தத்திப் போய், கட்டையைத் தூக்கி வைத்தது. கவினா என்னைக் கட்டிக்கொண்டு குதித்தாள். உன் லேப்டாப்தான் அதை நடத்தியது. இந்தப் பெருமையில் பாதி உனக்கு.

இனி காலையில் பார்க்க அந்தப் புள்ளி இல்லையே என்று உன் மகளுக்குப் போன் போட்டேன். "உம்மா போட்டோ ஒண்ணு தபால்ல அனுப்பும்மா. எங்கிட்ட இருக்குறதெல்லாம் பாத்துப் பாத்துப் பழகிருச்சு. நான் இன்னும் பாக்காத போட்டோவா, புதுசா ஒண்ணு தேடி அனுப்பு" என்றேன்.