அலங்காரம் வராத காலை

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா?

நேற்று ஒரு கூத்து நடந்தது, பயப்படாதே. நாங்கள் ஒரு மருத்துவமனைக்குச் செய்து கொடுத்த இணையதளத்தில் விஷயம் ஒரு கோப்பிலும், நிறம், கட்டம் போன்ற அலங்காரம் வேறொரு கோப்பிலும் இருக்கும். காலையில் பக்கத்தைத் திறந்தால் அலங்காரக் கோப்பு மட்டும் வரவேயில்லை. பக்கம் வெள்ளையில் கறுப்பு எழுத்தாக நின்றது. மேனேஜர், "போச்சு, மானமே போச்சு!" என்று தலையில் கைவைத்தார்.

என் பக்கத்து இருக்கை அக்கா மட்டும் அசரவில்லை. "அழகுதானே போயிருக்கு? விஷயம் இருக்குல்ல," என்றார். விஷயக் கோப்பில் தலைப்பைத் தலைப்பாகவும் பட்டியலைப் பட்டியலாகவும் வரிசை பிசகாமல் எழுதி வைத்தவர் அவர்தான். நாங்கள் சரிசெய்யும்வரை நோயாளிகள் தங்கள் பாட்டுக்கு டாக்டரைப் பார்க்க நேரம் பதிந்துகொண்டிருந்தார்கள். ஒரு பெரியவர் போன் செய்து, "இன்னைக்குத்தான்ப்பா தெளிவா இருக்கு, இப்படியே விட்டுடுங்க," என்றார். மேனேஜரே சிரித்துவிட்டார். வேலை என்றால் அக்கா செய்வதுதான் வேலை அம்மா!

ஒரு சின்ன உதவி. ஞாயிறு பேசும்போது, பேச ஒன்றுமில்லை என்று போனைக் கட் செய்துவிடாதே. அடுப்பு மேடையில் வைத்துவிட்டு நீ பாட்டுக்குச் சமை. எனக்கு அந்தச் சத்தம் போதும்.

பஸ் வந்துவிட்டது.

உன் மூத்தவள்