ஏணி ஏறும் வாரம்

என் ஊர்சுற்றிக்கு,

உன் நாடகக் குழு இப்போது எந்த ஊரில் விளக்கு மாட்டுகிறதோ! மகள் தூங்கிவிட்டாள். பகல்நேரக் குழந்தைகள் காப்பகத்தில் அவள் பெயரை இன்னும் கொடுக்கவில்லை, திட்டாதே.

மேடைத் தொழில்நுட்ப வகுப்புக்கான பாடத்திட்டம் நாளை வராவிட்டால் வகுப்பே கிடையாது என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார். நானும் வாரத்துக்கு ஒன்றாக எழுதினேன்: பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை, தீயணைப்பான், ஏணியைப் பிடிக்கும் விதம், மறுபடியும் கையுறை. மரவேலை ஆசிரியர் வெர்லின் படித்துவிட்டுச் சிரித்தார்.

"ஏம்மா, கிறிஸ்மஸே வந்துரும், ஒரு பய ஏணில கால் வெச்சிருக்க மாட்டான். எல்லாம் சமையல் கிளாசுக்கு ஓடிரும்!"

"விழுந்தா யாரு சார் பதில் சொல்றது?"

"ஏறவே விடலேன்னா அதுக்கு யாரு பதில் சொல்றது?"

எனக்குக் கோபம்தான். ஆனால் இன்று சாயங்காலம் நம் மகள் உயர நாற்காலியில் உட்கார்ந்து கரண்டியை வெளியே நீட்டி, "தலை!" என்று கத்தினாள். நான் விலகிய பிறகே போட்டாள். மேலிருந்து எது விழுந்தாலும் மேடையில் நாம் கத்துவோமே, அதை ஒத்திகையில் யாரும் பாடம் எடுக்காமலே, என் இடுப்பில் இருந்தபடியே பிடித்துக்கொண்டிருக்கிறாள்! அடுத்து மக்ரோனி வந்தது. அதற்கும் "தலை!"

மாணவர்களை இரண்டாவது வாரமே ஏணியில் ஏற்றுவதாக மாற்றி எழுதிவிட்டேன். காப்பகத்துக்கும் காலையில் போன் செய்கிறேன். அவள் அழமாட்டாள் என்பாய். நான் அழுவேனா என்றும் கேளேன்.

இப்படிக்கு,
உனக்கு ஏணி பிடித்தவள்