தண்ணீருக்குக் கீழே அறுத்த நாணல்

புக்கிட் பாஞ்சாங்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள தம்பி வேலாயுதத்திற்கு,

சந்திரமதி எழுதுவது. நீங்களும் சரஸ்வதியும் பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும் என்று முதலில் வேண்டிக்கொள்கிறேன். அதற்குப் பிறகு உங்களைத் திட்டத்தான் இந்தக் கடிதம். ஐந்து முறை போன் செய்துவிட்டேன். ஐந்து முறையும் சரஸ்வதிதான் எடுத்து, "அவங்க வயலுக்குப் போயிருக்காங்க மேடம்" என்கிறார். காலையில் கூப்பிட்டாலும் வயல், மாலையில் கூப்பிட்டாலும் வயல். அப்படி எத்தனை ஏக்கர் வைத்திருக்கிறீர்கள்? உங்களோடு வேலை செய்த இம்ரான் லீவில் ஊருக்கு வருகிறான். அவனிடமே கொடுத்தனுப்புகிறேன். உங்கள் கையில் கொடுக்காமல் திரும்பக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

அவன்தான் போன ஞாயிறு பஃபலோ சாலையில் வைத்து எல்லாவற்றையும் கொட்டினான். "உங்க பேரு வெளிய வரக்கூடாதுன்னுட்டான். நீங்க வேலையில இருந்தாத்தான் குளம் பொழைக்குமாம்" என்றான். கையில் முருங்கைக்காய்க் கட்டோடு நடுத்தெருவில் நின்று அவனைத் திட்டித் தீர்த்தேன். பாவம், அவன் என்ன செய்வான்? திட்ட வேண்டிய ஆள் ஊரில் ஒளிந்துகொண்டிருக்கிறது. யாரைக் கேட்டு அந்தப் பழியை நீங்கள் தலையில் போட்டுக்கொண்டீர்கள்?

நடந்ததை எழுதிவிடுகிறேன். இந்தக் காகிதத்திலாவது உண்மை இருக்கட்டும். மீன் பண்ணைகளின் கழிவுநீரை நாணல் வேர்களுக்குள் விட்டுச் சுத்தம் செய்து, கரையோரத்து அலையாத்திக் கன்றுகளுக்கு அனுப்புகிற குளம் நம்முடையது. அந்தக் கன்றுகள் தழைத்தால்தான் அலையின் வேகம் அடங்கிக் கரை நிற்கும். நாணலின் தண்டு வழியாகத்தான் வேருக்குக் காற்று போகிறது, தண்ணீருக்குக் கீழே அறுத்தால் வேர் மூச்சுமுட்டிச் செத்துவிடும் என்று உங்களுக்கெல்லாம் மேற்பார்வையாளராக இருந்து பாடம் எடுத்தவளே நான்தான்.

திங்கட்கிழமை பெரிய மனிதர்கள் பார்வையிட வருகிறார்கள் என்றதும் எனக்குப் புத்தி கெட்டுப் போயிற்று. நாணலை அறுத்துவிடச் சொன்னேன். நம் ஆபீசில்தான் தெரியுமே, புல் நாலு விரல் உயர்ந்தாலே "என்ன இது, ஒரே காடா கிடக்கு" என்பார்கள். அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை நான் தேக்கா சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது நீங்கள் கூப்பிட்டீர்கள். தண்ணீருக்கு மேலே அறுத்தால் கட்டை கட்டையாகத் தெரிகிறதே, பரவாயில்லையா என்று கேட்டீர்கள். "தெரியக்கூடாது தம்பி, உள்ள விட்டு அறுத்துடுங்க. பார்க்க கிளீனா இருக்கணும்" என்றேன். வேர் போய்விடாதா மேடம் என்று இரண்டாம் முறையும் கேட்டீர்கள். "சொன்னதைச் செய்ங்க லா" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். மீன்காரர் மீதிச் சில்லறையை நீட்டிக்கொண்டிருந்தார்.

வந்தவர்கள் ஆறு நிமிடம் நின்றார்கள். போட்டோ எடுத்தார்கள். போனார்கள். இரண்டு வாரத்தில் வேரெல்லாம் அழுகி நாற்றமெடுத்தது. கழிவு சுத்தமாகாமல் கன்றுகளுக்குப் போய், பாசி படர்ந்து, முந்நூறு கன்றுகள் செத்தன. அறிக்கையில் 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று எழுதி உங்கள் வேலை பெர்மிட்டை ரத்து செய்து விமானம் ஏற்றிவிட்டார்கள். பாவம் ஓரிடம், பழி ஓரிடம்.

இம்ரான் சொன்ன மறுநாளே நம் மேலாளர் அண்ணாதுரை சாரிடம் போய், சொன்னது நான்தான் என்றேன். மனிதர் அதிரக்கூட இல்லை. "ஏன் லா நீங்களே வந்து மாட்டிக்கிறீங்க? அவரே ஒத்துக்கிட்டு சைன் போட்டுட்டாரு. ஃபைல் குளோஸ்டு" என்கிறார்! குளத்தின் வடக்கு மூலையைப் போட்டோ எடுத்துக் காட்டினேன். என்னைக் கேட்பதற்கு முன்னால், தண்ணீருக்கு மேலே நீங்கள் அறுத்த இடம். அங்கே நாணல் இடுப்பளவு பச்சையாக வந்துவிட்டது. மற்ற இடமெல்லாம் கறுப்புச் சேறு. வேலை தெரிந்தவர் யார், கெடுத்தது யார் என்று அதைப் பார்த்தாலே தெரியும். அவர் போட்டோவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "நாணல் வந்து சாட்சி சொல்லாது மேடம்" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு மேசையிலிருந்த தேநீரைக் கவிழ்த்திருப்பேன்.

இந்தச் சாக்கில் இன்னொரு கோஷ்டி கிளம்பியிருக்கிறது. நாணலும் வேண்டாம், கன்றும் வேண்டாம், கான்கிரீட் சுவர் எழுப்பிவிடலாம் என்கிறார்கள். சுவர் வேண்டிய இடத்தில் சுவர் வேண்டும்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் கழிவுநீரைச் சுவரா சுத்தம் செய்யும்? கேட்டால் 'அது வேறு டிபார்ட்மெண்ட்' என்கிறார்கள். குளம் பிழைக்கட்டும் என்றுதானே நீங்கள் போனீர்கள்? நன்றாகப் பிழைத்தது போங்கள்.

விடாமல் மேலே போய்க் கேட்டேன். நீங்கள் முதலில் கொடுத்த வாக்குமூலம் தவறு என்று நீங்களே எழுதிக் கொடுத்தால் ஃபைலைத் திறந்தே ஆக வேண்டுமாம். என் வாய்ச்சொல் மட்டும் போதாதாம். ஃபைலில் அந்தக் 'கவனக்குறைவு' இருக்கும்வரை இங்கே எந்தக் கம்பெனியும் உங்களை எடுக்காது.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். விசாரணை அன்று நானும் அந்த அறையில்தான் உட்கார்ந்திருந்தேன். "யார் சொல்லி அப்படி அறுத்தீங்க?" என்று அண்ணாதுரை சார் கேட்டபோது நீங்கள் ஒருமுறை என்னைப் பார்த்தீர்கள். நான் குனிந்து கையிலிருந்த தாள்களைப் புரட்டினேன். அவை வெற்றுத் தாள்கள். அதற்குப் பிறகுதான் "நானாதான் சார்" என்றீர்கள். இம்ரானிடம் குளத்துக்காக என்று சொல்லியிருக்கிறீர்கள். இல்லை தம்பி, நான் குனிந்ததைப் பார்த்துத்தான் சொன்னீர்கள். என்னை யாரும் கேட்கவில்லையே என்று ஒரு மாதம் எனக்கு நானே சொல்லிக்கொண்டு திரிந்தேன். வெட்கமாக இருக்கிறது.

கோபத்தில் ஏதேதோ எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை போனில் நான் சொன்னதை, நான் சொன்ன வார்த்தையிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டு இம்ரானிடம் கொடுங்கள். 'மேடம் பாவம்' என்று ஒரு எழுத்தைக்கூட மாற்ற வேண்டாம். எனக்கு என்ன ஆகும் என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் நன்றாக இருப்பீர்கள், உங்கள் பிள்ளை நன்றாக இருப்பான். இந்த ஒருமுறை என்னைக் காட்டிக்கொடுங்கள் தம்பி.

இப்படிக்கு,
உங்கள் பதிலுக்காகக் கைகூப்பி நிற்கும்,
சந்திரமதி