தொரிபியாவின் முறைத் தண்ணீர்

தாராபம்பா,
அக்டோபர், ஞாயிறு காலை.

அன்புள்ள நிக்கனோருக்கு,

சிரிலா எழுதிக்கொள்வது. நானும் நம் மகள் யெசேனியாவும் நலம். உங்கள் இருமல் எப்படி இருக்கிறது? சுரங்கத்தில் கொடுக்கும் முகமூடியைக் கழற்றாமல் போட்டுக்கொள்ளுங்கள். என் எழுத்து கோணலாக இருந்தால் பயப்பட வேண்டாம். வலது கையில் கட்டுப் போட்டிருக்கிறது. எலும்புக்கு ஒன்றுமில்லை என்று சுகாதார நிலையத்தில் சொன்னார்கள்.

போனிலேயே பேசியிருக்கலாமே என்பீர்கள். போனில் நீங்கள் பேசுகிறீர்கள், நான் சரி சரி என்கிறேன், அதற்குள் லைன் போய்விடுகிறது. உங்கள் தம்பி எவாரிஸ்தோ உங்களிடம் அழுதது எனக்குத் தெரியும். ஊர் நடுவில் அண்ணி என்னை அவமானப்படுத்திவிட்டாள் என்றானாம். ஊர் கொடுத்த அந்தக் கோலைத் திருப்பிக் கொடுக்காவிட்டால் கிறிஸ்துமஸுக்கு வரமாட்டேன் என்று நீங்கள் அவனிடம் சொல்லியனுப்பியதும் வந்து சேர்ந்தது. அதை என்னிடமே சொல்லியிருக்கலாம்.

நடந்ததை நான் சொல்கிறேன்.

தண்ணீர் முறை பார்க்கும் பொறுப்பை, அதற்குரிய கோலையும் கையில் கொடுத்து, ஜனவரியில் என் தலையில் கட்டினார்கள். வீட்டுக்கு ஒருவர் செய்துதான் ஆகவேண்டும், ஆண்பிள்ளை ஊரில் இல்லை, அதனால் நான். எவ்வளவு புலம்பினேன் என்று உங்களுக்கே தெரியும். நீங்கள் திரும்பி வந்தால், கூரை மாற்றினால், மழை பெய்தால் எனக்கும் நல்ல காலம் வரும் என்று காத்திருந்தேன். அதுவரை எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன்.

வாய்க்கால் தூர் வாரிய அன்று பிள்ளைகள் கரையில் விளையாடினார்கள். யெசேனியா என் கோலைப் போல ஒரு குச்சியைப் பிடித்துக்கொண்டு, என்னைப் போலவே முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு, “எல்லாம் திருட்டுக் கூட்டம், என் தலையெழுத்து” என்று முன்னும் பின்னும் நடந்தாள். ஊரே சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்தபின் அடுப்புப் பற்றவைக்கக் கை வரவில்லை.

அதற்குப் பிறகு நாட்களைச் சபிப்பதை நிறுத்தினேன். செய்வதைச் சரியாகச் செய்வோம் என்று முதலில் நம் மடையைத்தான் நேரத்துக்கு அடைத்தேன். யாரைப் பார்த்தாலும் நானே முதலில் வணக்கம் சொன்னேன். முதலில் முறைத்தவர்கள் பிறகு சிச்சாக் கள் குடிக்கக் கூப்பிட ஆரம்பித்தார்கள். மழை அப்போதும் வரவில்லை, நீங்களும் வரவில்லை. ஆனால் காலையில் எழுந்திருக்கப் பிடித்திருந்தது.

செப்டம்பரில் வாய்க்கால் பாதியாக வற்றியது. தம்பி விஷயத்தில் கண்ணை மூடிக்கொள் என்று போனில் சொன்னீர்கள். அப்போதும் நான் சரி என்றேன். மனதில் சரி என்று இல்லை.

போன செவ்வாய், கடைமடையில் இருக்கும் விதவை தொரிபியாவின் முறை. அவளுடைய உருளைக்கிழங்குச் செடிகள் வாடித் தரையில் படுத்திருந்தன. காலையில் போய்ப் பார்த்தால், தண்ணீர் அத்தனையும் எவாரிஸ்தோவின் குதிரைமசால் தீவன வயலில் நிற்கிறது. மடைப்பலகையைப் பிடுங்கிப் போட்டுவிட்டு மண்வெட்டியோடு நிற்கிறான். குடித்திருந்தான். கீழ்த்தெருவார் ஏற்கெனவே கரையில் கூடிவிட்டார்கள், சிலர் கையில் கல்.

நான் வாய்க்காலில் இறங்கிப் பலகையை எடுத்தேன். அவன் மண்வெட்டியை ஓங்கினான். “எங்க அண்ணன் சோத்தத் தின்னுட்டு எனக்கே மடைய அடைக்கிறியா?” என்றான்.

பழைய சிரிலாவாக இருந்தால் திருடா என்று கத்தியிருப்பேன். கரையிலிருந்து கற்களும் பறந்திருக்கும். இப்போது குரலை உயர்த்தாமல் சொன்னேன்: “தம்பி, நாளைக்கு எங்க முறை. அது என்னோடது, அத நீ எடுத்துக்க. இது தொரிபியாவோடது. இதக் குடுக்க எனக்கு உரிமை இல்ல.”

அவன் பலகையில்தான் வெட்டினான். மரச்சிராய் தெறித்து என் கையைக் கிழித்தது. ரத்தத்தைப் பார்த்ததும் கரையில் இருந்தவர்கள் இறங்கினார்கள். என் கொழுந்தன்மேல் கை வைத்தால் இந்தக் கோலை இங்கேயே முறித்துப் போட்டுவிடுவேன் என்று நான் அவன் முன்னால் போய் நின்றேன். என் முதுகுக்குப் பின்னால் அவன் மூச்சு வாங்குவது கேட்டது. பிறகு மண்வெட்டியைப் போட்டுவிட்டுப் போய்விட்டான். தண்ணீர் தொரிபியாவின் வயலுக்குப் போனது.

புதன்கிழமை அவன் வரவில்லை. சொன்ன சொல் சொன்னதுதான் என்று நம் முறைத் தண்ணீரை நானே அவன் குதிரைமசாலுக்குத் திருப்பிவிட்டேன். நம் மக்காச்சோளத்தில் மேல் வரிசை கருகிவிட்டது. உங்களுக்கு வருத்தமாக இருக்கும். எனக்கும்தான். எவாரிஸ்தோ இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் நேற்று அவன் பெண்டாட்டி நம் வாசலில் ஒரு பாத்திரம் சூப் வைத்துவிட்டுப் போனாள்.

இன்று பிற்பகல் ஊர்க்கூட்டம். அடுத்த வருடமும் நான்தான் பார்க்க வேண்டும் என்று கேட்கப் போகிறார்கள். உங்கள் அனுமதி கேட்டு எழுதவில்லை. வேறு யாரும் சொல்லி நீங்கள் கேட்கக்கூடாது என்பதற்காக எழுதுகிறேன். சரி என்று சொல்லப் போகிறேன். இந்த முறை மனதிலும் சரிதான்.

நான் சந்தோஷமாக இருக்கிறேன், நிக்கனோர். நீங்கள் இல்லாதபோது இதை எழுதுவதற்கே பயமாக இருக்கிறது. தப்பாக நினைக்காதீர்கள். நீங்கள் இல்லாததால் வந்த சந்தோஷம் இல்லை இது.

தம்பியிடம் பேசினால் அவனை ஏற்றிவிடாதீர்கள். கோபம் இருந்தால் என்மேல் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் நேரில் வந்து கோபப்படுங்கள். மலைப்பாதை முழுக்க மாதா உங்களுக்குத் துணை இருக்கட்டும். நீங்கள் விட்டுப்போன சிரிலா இந்த வீட்டில் இல்லை. வேறொருத்தி இருக்கிறாள். ஒரு தடவை வந்து அவளைப் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு எந்த முடிவானாலும் எடுங்கள்.

உங்கள்
சிரிலா