மூன்று தட்டு வெற்றிலை வாங்கிய அமைச்சன் ஆலமுற்றத்தார்க்கு விடுத்த ஓலை

கடல் நெருங்கி வந்த பின்னும் கலங்காது ஆலமுற்றத்தில் அடுப்பெரித்து வாழ்ந்திருக்கும் நானூறு குடியார்க்கும், அவர்தம் பெண்டு பிள்ளைகட்கும், கட்டுத்தறியில் நிற்கும் ஆநிரைகட்கும் நலமே பெருகுக. தை பிறந்ததும் நீங்கள் ஏறி வரும் வண்டிகளின் அச்சு முறியாதிருக்க. மலைமேல் முகில்கோட்டையைப் புதுத் தலைநகராக்கி, மூழ்கும் ஊரின் மக்களைக் கைவிடாது காக்கும் பேரரசி ஆதிரைப் பெருமாட்டியார் ஆட்சியின் பதினோராம் ஆண்டு, மார்கழி இருபத்திரண்டாம் நாள், ஏழு துறை ஆண்டவனும் 'அறிவுக்கடல்' என்னும் பட்டம் பெற்றவனுமாகிய குடிபெயர்ப்பு அமைச்சன் எயினங்கூத்தன் தன் கைப்பட எழுதிய ஓலை. பட்டங்களை எழுதுவது முறையென்பதால் எழுதினான். மேலே படிக்கப் படிக்க அவற்றின் தகுதி உங்களுக்கே விளங்கும்.

நம் ஊரில் மின்சாரம் அரண்மனை ஆலையிலிருந்து வருவது. வந்தால் விளக்கெரியும், வராவிட்டால் அமைச்சனைத் திட்டுவோம். யாரிடம் வாங்குவது என்று நம்மில் எவரும் யோசித்ததில்லை. முகில்கோட்டை அப்படிப்பட்ட ஊரன்று. அருவியில் உருளை சுழற்றி மின்சாரம் எடுக்கும் அருவிக் குழுவார், மலைமுகட்டில் காற்றாடி நட்டிருக்கும் காற்றுக் குழுவார், வெயிலைத் தகடுகளில் பிடித்துவைக்கும் கதிர்க் குழுவார் என மூவர் இங்கே விற்கிறார்கள். புதிதாகக் குடிவருவோர் மூவரில் ஒருவரைத் தேர்ந்துகொள்ள வேண்டும்; தேர்ந்தால் ஓராண்டு அவரோடுதான். முதலில் வந்த நூற்றுப் பன்னிரண்டு குடியும் ஊன்றிக்கொள்ளும்வரை வீதி முழுவதற்கும் வீட்டுத்தலைவனாக நின்று தேரும் பொறுப்பைப் பெருமாட்டியார் அமைச்சனிடம் ஒப்படைத்திருந்தார்.

நம்மோடு வந்த மருத்துவச்சி உமையாண்டாளை நீங்கள் அறிவீர்கள். உங்களில் பாதிப்பேர் அவர் கையில் பிறந்தவர்கள். அவர் வந்திறங்கிய மறுநாளே உள்ளூர்ப் பெண்களிடம் பேச்சுக்கொடுத்து, பங்குனியில் அருவி மெலியும், மார்கழியில் காற்று படுத்துவிடும், பனிமூட்டத்தில் கதிர்த் தகடு கண் திறக்காது என்பதையெல்லாம் கேட்டறிந்தார். நம் வீதிப் பேறுகாலச் சாலையில் குறைமாதப் பிள்ளைகளை வைக்கும் வெப்ப அறை மின்சாரத்தால் இயங்குவது. ஆகவே இப்போதைக்கு அருவியே நமக்கு ஆகும் என்று அமைச்சனிடம் வந்து சொன்னார். தேரும் முறையையும் உள்ளூராரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது என்றார். ஏழு துறை ஆண்டவனுக்கு தெருவில் போவோரிடம் கேட்டறிய என்ன இருக்கிறது என்று அமைச்சன் சிரித்தபடி விடைகொடுத்தான். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் உடம்பு குன்றிப்போகிறது.

மறுநாள் காலையில் மூன்று குழுவாரும் ஒருவர் பின் ஒருவராக வெற்றிலைத் தட்டோடு வாசலுக்கு வந்தார்கள். வாசலுக்கு வந்த வெற்றிலையை மறுப்பது, 'உன் வீட்டுப் படி மிதிக்கமாட்டேன்' என்று சொல்வதற்குச் சமம் என்றே நாம் வளர்ந்திருக்கிறோம். அமைச்சன் மூன்று தட்டையும் இரு கையால் வாங்கினான். மூன்றிலும் எடுத்துப் போட்டு, வாய் சிவக்கச் சிவக்க மென்று, புதிய ஊரில் தனக்கு இத்தனை மதிப்பா என்று மகிழ்ந்தும் போனான். முகில்கோட்டையிலோ, தட்டை வாங்குவதுதான் ஒப்பந்தம். வேண்டாதவர் தட்டைத் தொட்டுக் கும்பிட்டுத் திருப்பி அனுப்புவார்கள். அதில் எவருக்கும் மனவருத்தம் இல்லை. இதைத் தெருவில் எவரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள்.

அன்று நண்பகலில் மூன்று குழுவின் ஆட்களும் கம்பிச் சுருளோடு நம் வீதிமுனையில் எதிரெதிரே நின்றார்கள். ஒரு வீடு இருவரிடம் ஒப்பினால் ஒருவரும் மின்சாரம் தரலாகாது. வீட்டுத்தலைவன் ஊர்மன்றில் நின்று, யாரைக் கொள்கிறான் என்பதையும், மற்றவர் தட்டை வாங்கியது தன் பிழை என்பதையும் தன் வாயால் சொன்ன பிறகே தரவேண்டும் என்பது இவ்வூர்ச் சட்டம். நம் வீதிக்கு மூன்று கம்பி வந்தது. மின்சாரம் வரவில்லை.

மன்று, வீதியிலிருந்து கூப்பிடு தூரம். அமைச்சன் போகவில்லை. ஆலமுற்றத்தானுக்கு ஊர்வழக்கம் தெரியவில்லை என்று உள்ளூரார் கைகொட்டிச் சிரிப்பார்களே என்று அஞ்சினான். அதற்கு மாறாக, மூவரும் கூடித் தன்னை வஞ்சித்தார்கள் என்று ஓலைமேல் ஓலை எழுதினான். பெருமாட்டியார் பெயரைச் சொல்லி மிரட்டியும் பார்த்தான். அவர்களோ ஒவ்வொரு ஓலைக்கும் பணிவாக ஒரே மறுமொழி அனுப்பினார்கள்: மன்றுக்கு எழுந்தருள்க, காத்திருக்கிறோம்.

தட்டு வாங்கியதற்கு அடுத்த நாள் விடிந்ததும், சாயம் தோய்க்கும் வடுகனின் மனைவி சேந்திக்கு எட்டாம் மாதத்திலேயே ஆண்பிள்ளை பிறந்தது. ஒரு கைக்குள் அடங்கும் பிள்ளை. மலைக்குளிர் எலும்பைத் தொடும் மார்கழி. வெப்ப அறை குளிர்ந்து கிடந்தது. கரியடுப்பு வைத்தால் புகை பிள்ளைக்கு ஆகாது. உமையாண்டாள் வீதிப் பெண்களைத் திரட்டி, ஒருத்தி மாற்றி ஒருத்தி அந்தப் பிள்ளையை வெற்று மார்போடு அணைத்துப் போர்த்துக்கொண்டு உட்காரச் செய்தார். இடையில் ஒருமுறை பிள்ளையின் உதடு நீலம் பாய்ந்து, எல்லோரும் வாய்விட்டு அழுதார்களாம். இப்படி மூன்று நாள். அந்த மூன்று நாளும் அமைச்சன் ஓலை எழுதிக்கொண்டிருந்தான்.

மூன்றாம் நாள் உமையாண்டாள் பொறுக்கமாட்டாமல் பெருமாட்டியார் திருமுன் போய் நின்றார். உடனே ஆள் வந்தது; அமைச்சன் மன்றுக்குப் போனான். வழக்கம் தெரியாமல் வாங்கிவிட்டேன், பிழை என்னுடையது, அருவிக் குழுவாரையே கொள்கிறேன் என்று சொன்னான். ஒரு மூச்சில் சொல்லி முடிந்துவிட்டது. ஒருவரும் சிரிக்கவில்லை. புதிதாக வருகிறவர்கள் இப்படித் தட்டு வாங்கிவிடுவது வழக்கந்தான் என்று காற்றுக் குழு முதியவர் ஆறுதல் கூறி, உட்கார மணை போடச் சொன்னார். உச்சிவேளைக்கு முன் வெப்ப அறை சூடேறிவிட்டது.

பிள்ளை பிழைத்துக்கொண்டான். அமைச்சன் பேறுகாலச் சாலைக்குப் போய், சேந்தியின் கட்டிலருகே நின்று, பிள்ளை நலந்தானா என்று கேட்டான். அவள் எழுந்திருக்க முயன்றாள். பிறகு, "நல்லாயிருக்கான் ஐயா. மன்று ரொம்ப தூரமோ?" என்றாள். இடக்காகக் கேட்கவில்லை. படுக்கையில் கிடந்தவளுக்கு ஊர் தெரியாது; அமைச்சர் வருவதற்கு மூன்று நாள் ஆனதென்றால் மன்று வெகுதொலைவில் இருக்கும் என்றே அவள் நம்பியிருந்தாள்.

ஆகவே பெருமாட்டியார் கட்டளை வருமாறு. இனி எந்த அமைச்சனும் எந்தக் குடிக்காகவும் தேரலாகாது. அவரவர் வீட்டுக்கு அவரவரே தேர்க. புறப்படுமுன்னரே, உங்கள் வீட்டில் எந்த மாதத்தில் எதற்கு மின்சாரம் தவறக்கூடாது என்பதை எண்ணிப் பார்த்து, அந்த மாதத்தில் எவர் மின்சாரம் தவறாது என்பதை முகில்கோட்டைக்கு ஆளனுப்பி, இங்கே ஓராண்டேனும் வாழ்ந்தவரிடம் கேட்டுக்கொள்க. விலகும் முறை என்னவென்பதைச் சேருமுன் கேட்க மறவற்க. வாசலுக்கு வரும் தட்டைத் தொட்டுக் கும்பிட்டுத் திருப்பி அனுப்புக. தெரியாமல் வாங்கிவிட்டால் அன்றைக்கே மன்றுக்குப் போய்ச் சொல்லிவிடுக. மன்று பக்கத்தில்தான் இருக்கிறது. இவ்வோலையை ஆலமுற்றத்து நான்கு வீதிச் சந்தியிலும், அமைச்சனின் உறவினர் வாழும் கீழவீதியில் இருமுறையும், உரக்கப் படித்துக் காட்டுக.

குடிபெயர்ப்பு முத்திரை இனி உமையாண்டாள் கையில் இருக்கும் என்பதும் கட்டளை. முத்திரைக்காக அமைச்சன் இவ்வோலையை அவரிடம் கொண்டுபோய்ப் படித்துக் காட்டினான். அவர் கடைசிவரை கேட்டார். கேட்டபின் முத்திரையை மடியிலேயே வைத்துக்கொண்டு, "எல்லாம் சரிதான் ஐயா. பிள்ளை பிறந்த அன்னைக்குக் காலையிலே நான் உங்க வாசல்ல வந்து நின்னேனே, அதை எழுதலையே. அதையும் எழுதுங்க, வைக்கிறேன்" என்றார்.

எழுதுகிறேன். பிள்ளை பிறந்து ஒரு நாழிகைக்குள் உமையாண்டாள் என் வாசலுக்கு வந்தார். கையில் ஈரம் காயவில்லை. நான் உள்ளே இருந்தேன். சன்னல் வழியாக அவரைப் பார்த்தேன். எதற்கு வந்திருக்கிறார் என்றும் தெரிந்தது. அமைச்சர் வீட்டில் இல்லை என்று சொல்லச் சொன்னவன் நான்.

முத்திரை இடப்பட்டது. ஓலை பிரித்தவர் ஒரு வரியும் விடாது படிக்க.