தலையில் விளக்கோடு வந்தவர்கள்

ஸ்கெலட்டன், கோலார் தங்கவயல் (கே.ஜி.எஃப்.)

அன்பு மகள் ஜூடித்துக்கு அம்மா எழுதுவது. மாதா தயவில் இங்கே நானும் உன் அப்பாவும் நலம், அவருடைய முட்டியைத் தவிர. உன் நலத்தைத் தனியாக விசாரிக்க வேண்டியதில்லை, நீ அனுப்பிய செய்தியிலேயே தெரிந்துவிட்டது. டிசம்பர் லீவில் அயர்லாந்து ஆஸ்பத்திரித் தோழிகளோடு போர்ச்சுகலுக்குப் போய், கடற்கரை ஓரமாக ஒரு வாரம் சைக்கிள் விடப்போகிறாய், வழியில் இடிந்த கோட்டைகளையெல்லாம் பார்க்கப்போகிறாய், அதனால் இந்தக் கிறிஸ்துமஸுக்கும் ஊருக்கு வர முடியாது. போனில் கேட்டால் சிக்னல் இல்லைம்மா என்று மழுப்புவாய், அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். உன் அப்பாவும் வேலை இருந்த காலம் முழுக்க மைன்ஸ் ஷாஃப்டுக்குச் சைக்கிள்தான் மிதித்தார், அதற்கு விடுமுறை என்று பெயர் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. ஸ்கூலுக்குச் சைக்கிளில் போடி என்றால் மேட்டைப் பார்த்ததுமே அழுது, அவர் கேரியரில் ஏறி உட்கார்ந்தவள் நீ. இப்போது காசு கட்டி மிதிக்கப்போகிறாய், சந்தோஷம், குளிருக்குக் காதைக் கட்டிக்கொள்.

இந்தச் சைக்கிள் வியாதி இங்கேயும் வந்துவிட்டது, கேள். சில மாதங்களுக்கு முன் ஒரு நாள் விடியற்காலை, நல்ல பனி, நான் தண்ணீர் பிடிக்க வெளியே வந்தேன். மைன்ஸ் கழிவு மண் குவிந்த சைனைடு மேட்டுப் பக்கமிருந்து வரிசையாக விளக்குகள் வருகின்றன, ஆள் தலை உயரத்தில். கிட்டே வந்தால் எல்லார் தலையிலும் ஹெல்மெட், ஹெல்மெட்டில் விளக்கு. வேறு ஊராக இருந்தால் திருடன் என்றோ பேய் என்றோ பயந்திருப்பார்கள், மைன்ஸ் மூடி இத்தனை வருஷம் ஆனாலும் நம் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தானே. பக்கத்து வீட்டுப் பார்வதம்மா, ‘அய்யோ மரியா, மைன்ஸ் தொறந்துட்டாங்கடி, ஷிஃப்டுக்கு ஆளு போவுது பாரு’ என்று போட்ட சத்தத்தில் எங்கள் லைன் வீட்டு வரிசை முழுக்க எழுந்துவிட்டது. அவள் ஆரத்தித் தட்டோடு ஓடிவந்தாள். உன் அப்பா பரணிலிருந்து பழைய ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டு, சுரங்கத்துக்குள் கேஜில் இறங்குமுன் கொடுத்துவிட்டு மேலே வந்ததும் திருப்பி வாங்குவார்களே, அந்தப் பித்தளை டோக்கனையும் எடுத்துக்கொண்டு, நொண்டிக்கொண்டே ஓடி முதல் சைக்கிளை மறித்து, அந்தப் பையன் கையில் டோக்கனை வைத்து, ‘நான் பர்னபாஸ் சார், எந்த ஷிஃப்ட்ல போடுறீங்க’ என்று கேட்டார். இந்த வயதில்.

அந்தப் பையன் பெயர் நாகேஷ், பெங்களூர்க்காரன். வெளிநாட்டுக்காரர்களைச் சைக்கிளில் பூதிகோட்டை, பேத்தமங்களா ஏரி, நம் மைன்ஸ் என்று காட்டி, அப்படியே மலை இறக்கிக் கடற்கரை வரைக்கும் கூட்டிப்போகிறான். டோக்கனைப் பரிசு என்று நினைத்து, தேங்க்யூ அங்கிள் என்று சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். கூட வந்தவர்கள் ஆரத்தியும் டூரில் சேர்த்தி என்று நினைத்து, குங்குமம் வைத்துக்கொள்ள வரிசையில் நின்றார்கள். நானும் சிரித்தேன், பிறகு உன் அப்பா முகத்தைப் பார்த்தேன். வேலை கிடைத்துவிட்டது என்று நம்பின முகம் அது. விஷயம் தெரிந்ததும் உள்ளே வந்து ஹெல்மெட்டைக் கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த வாரம் நாகேஷ் வந்து டோக்கனைத் திருப்பிக் கொடுத்தான். கொடுத்துவிட்டு, வந்தவர்களுக்கு அந்த வரவேற்புதான் ரொம்பப் பிடித்ததாம், ஒவ்வொரு முறையும் அதே மாதிரி செய்ய முடியுமா அங்கிள் என்று கேட்டான். இவர் கத்துவார் என்று நான் பயந்தேன், இவரோ முதல் தடவை நன்றாக இருந்ததா என்று விசாரிக்கிறார். அன்றிலிருந்து மாதாமாதம் எங்கள் லைன் ஏமாந்துகொண்டிருக்கிறது. எந்தத் தேதிக்கு ஆச்சரியப்பட வேண்டும் என்று முன்னாடியே கேட்டுவைத்து, பார்வதம்மா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு பதறி ஓடிவருகிறாள். உன் அப்பாவுக்கு ஷிஃப்ட் கேட்கும் இடத்தில் குரல் தழுதழுக்கிறது, போன முறை ‘பனி பத்தல, மூடே வரல’ என்று நாகேஷிடம் கோபித்துக்கொண்டார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ராத்தங்கலுக்கு நாகேஷ் நம் வீட்டைக் கேட்கிறான், அதாவது உன் ரூமை. சுவரில் இருக்கும் விரிசலைப் பூசிவிடாதீர்கள் ஆன்ட்டி, அதுதான் ஹெரிடேஜ் என்கிறான். டிசம்பர் கூட்டம் சரியாகக் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் வந்து சேருகிறது. எந்த ஊர்க்காரியோ உன் கட்டிலில் படுத்து, நான் சுட்ட கல்கல் பலகாரத்தைத் தின்று, குடிலைப் படமெடுத்து, எங்களோடு பூசைக்கும் வருவாள், அதுவும் டூரில் இருக்கிறதாம். நீ அங்கே எவளோ ஒரு அம்மா சுட்டதைத் தின்று படமெடுப்பாய். உன் அப்பா சரி என்று தலையாட்டினார், எனக்குத்தான் பொறுக்கவில்லை. ரூம் காலியில்லை, அயர்லாந்திலிருந்து ஒரு லேடி புக் பண்ணிவிட்டாள், சைக்கிளும் இடிபாடும் அவளுக்கு உயிர் என்று சொல்லிவிட்டேன். நாகேஷ் நம்பி, பெயர் கேட்டான், உன் பெயரைத்தான் கொடுத்தேன். இடிபாடு பார்க்க ஆசையென்றால் இங்கே ஊர் முழுக்க இருக்கிறது கண்ணு, வீட்டுக்குள்ளேயே இரண்டு இருக்கிறது.

மாதா உன்னை இடறாமல் காப்பாளாக, போகும் வழியும் திரும்பும் வழியும் உனக்கு நன்றாக அமையட்டும். ரூம் விஷயத்தில் உன் அம்மாவைப் பொய்க்காரி ஆக்கிவிடாதே. நான் சொன்ன பொய்யை உன் அப்பா நிஜம் என்று நினைத்து, காலையிலிருந்து பழைய சைக்கிளின் கேரியரைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். நீ மிதிக்க வேண்டாமாம், பின்னால் உட்கார்ந்தால் போதுமாம்.

உன் வரவை எண்ணி,
அம்மா மரியகுழந்தை