ஆட்டைத்திவசம் முடியட்டும் என்றேன்

அம்மா,

இன்று உங்கள் அலுமாரியைத் திறந்தபோது சேலைகளின் வாசத்தையும் மீறி இறப்பர் மணம் வந்தது. கீழ்த்தட்டில் உங்கள் பச்சை உடற்பயிற்சிப் பட்டி சுருண்டு கிடந்தது. இழுத்துப் பார்த்தேன். அறுந்துவிட்டது.

சுன்னாகம் கிளினிக்கில் தாதி மிஸி ஒருநாள் உங்கள் எடையை எல்லோருக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னா. அடுத்த கிழமையே வாசிகசாலை மண்டபத்து வகுப்பில் பெயர் கொடுத்தீர்கள். பாதி நேரம் நடை. பிறகு பட்டியை இழுப்பதும் மண் நிரப்பிய போத்தல்களைத் தூக்குவதும். நடை மட்டும் போதாது, தசைக்கும் வேலை வேண்டும் என்று மிஸி சொன்னதை அப்பாவுக்குப் பாடமே எடுத்தீர்கள்.

முதல் நாள் சேலையும் வெள்ளைச் சப்பாத்துமாகப் படலையைத் தாண்டினீர்கள். பக்கத்து வளவுப் பூமணியக்காவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

“உங்கை பாருங்கோ, ஓட்டப்போட்டிக்கு ஆள் வருது!”

“சிரியுங்கோ அக்கா, சிரியுங்கோ. உங்களுக்கு முன்னம் நான் மெலியிறன்.”

சிரித்த பூமணியக்காவும் பிறகு உங்களோடு வகுப்பில் சேர்ந்தா. நீங்கள் மெலிந்தது கொஞ்சந்தான். ஆனால் நாலாம் மாதம் ஒருநாள் கதிரையிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து நின்றீர்கள்.

“பிள்ளை, ஓடியா! கையே வைக்கேல்லை, பார்த்தியே?”

வாசித்துக்கொண்டிருந்த பக்கத்திலிருந்து தலை நிமிராமல், “ஓம் அம்மா” என்றேன்.

பிறகு அப்பா போனார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்து, பந்தலும் பிரித்த பிறகு கேட்டீர்கள்.

“பிள்ளை, இனி நான் வகுப்புக்குப் போகலாமே?”

அந்த மண்டபத்துச் சிரிப்பு ரோட்டுவரை கேட்கும் என்பதுதான் எனக்கு நினைவு வந்தது. “ஆட்டைத்திவசம் முடியட்டும் அம்மா. வருசம் திரும்ப முதல் போனால் சனம் என்ன கதைக்கும்?”

எவ்வளவோ வாசித்தவள் நான். பெண்களை வீட்டுக்குள் இருத்துவதைப் பற்றித் தோழிகளோடு மணிக்கணக்காக வாதாடியவள். நீங்கள் வாதாடவில்லை. “அதுவும் சரிதான்” என்று பட்டியைச் சுருட்டி வைத்தீர்கள்.

வீட்டில் செய்யச் சொன்னேன். இரண்டு நாள் செய்தீர்கள். “தனியச் செய்ய ஒருமாதிரிக் கிடக்கு” என்று விட்டுவிட்டீர்கள். மெல்ல மெல்ல முழங்கால் வீங்கியது, சீனி ஏறியது. கதிரையை விட்டு எழ என் தோள் தேவைப்பட்டது. அப்பா போன ஒன்பதாம் மாதம் மாரடைப்பு. அப்பாவின் ஆட்டைத்திவசம் வரும்வரை நீங்கள் இருக்கவில்லை. வகுப்பு நின்றதால்தான் என்று எந்த வைத்தியரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

செத்தவீட்டுக்கு வகுப்புப் பெண்கள் சேர்ந்து வந்தார்கள். அவர்களில் பாதிப்பேர் கணவனை இழந்தவர்கள் என்பதை அன்றுதான் அறிந்தேன். பூமணியக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதா.

“எத்தினை தரம் வந்து கூப்பிட்டனான் பிள்ளை. என்ரை மனுசன் செத்து ரெண்டாம் மாசமே நான் வகுப்புக்கு வந்தனான்தானே, நீங்களும் வாங்கோ எண்டனான். ‘எனக்குப் பஞ்சியாக் கிடக்கு, நான் வரேல்லை’ எண்டு சொல்லிப்போட்டா. கொம்மாவுக்கு உந்தப் பஞ்சிதான் எமனாப் போச்சு.”

பஞ்சியாம். சோம்பலாம். மழை நாளிலும் குடையைப் பிடித்துக்கொண்டு போன உங்களுக்கு.

நான் மறித்ததை நீங்கள் ஒருவருக்கும் சொல்லவில்லை. அன்று நானும் சொல்லவில்லை. இப்போதும் வேலிக்கு மேலால் உங்களைப் பற்றிக் கதைக்கும்போதெல்லாம் பூமணியக்கா அந்தச் சொல்லைத்தான் சொல்கிறா. நான் தலையாட்டிக்கொண்டு நிற்கிறேன்.